களையெடுக்கக் கை கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள விதைக் குழு நண்பர்களுக்கு,

வணக்கம். ஆடிப் பட்டத்துக்கான விதைப் பொட்டலங்களில் கடைசிக் கட்டு நேற்று மாலை தபாலில் சேர்ந்துவிட்டது. கை ஓய்ந்த பிறகுதான் இந்த நன்றியை எழுத உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு மாதத்துக்கு முன்பு, இந்த ஆண்டு ஒரு பொட்டலமும் கிளம்பப் போவதில்லை என்றே நினைத்திருந்தேன். காரணம் உங்களில் சிலருக்கு மட்டும்தான் தெரியும்.

நம் உறுப்பினர் பதிவேடு எளிமையானது. பெயர், முகவரி, மின்னஞ்சல், என்ன விதை இருக்கிறது, என்ன வேண்டும், தோட்டத்தைப் பற்றி நான்கு வரி. நாளுக்கு இரண்டு மூன்று பேர் இணையம் வழியாகச் சேர்வார்கள். சித்திரைக் கடைசியில் ஒரு நாள் காலை பார்த்தால், ஒரே இரவில் நூற்றுக்கும் மேல் புதியவர்கள். எனக்கு முதலில் மகிழ்ச்சிதான். ஏதோ பத்திரிகையில் நம்மைப் பற்றி எழுதிவிட்டார்கள் போலிருக்கிறது என்று மனைவியிடம் பெருமையடித்துக்கொண்டேன். பிறகு ஒரு பெயரைத் திறந்தேன். ‘தோட்டத்தைப் பற்றி’ என்ற இடத்தில் ஒரு சூதாட்டத் தளத்தின் இணைப்பு. அடுத்த பெயரில் மாத்திரை விளம்பரம். அதற்கடுத்ததில் உடனடிக் கடன். ஒரே ஒருவர் மட்டும் தமிழில் எழுதியிருந்தார்: “வணக்கம் அன்பான தோட்டம், உங்கள் தரமான தகவலை நான் மிகவும் சுவைத்தேன்.”

அத்தனையும் ஆளில்லாக் கணக்குகள். ஒரு கணினி நிரல் தானாக வந்து, படிவத்தை நிரப்பி, கதவைத் திறந்துகொண்டு உள்ளே உட்கார்ந்துவிடுகிறது. நான் ஒவ்வொன்றாக நீக்கினேன். மறுநாள் காலை அதைவிட அதிகம். கோரையை மேலே கிள்ளிவிட்டு, கிழங்கை மண்ணுக்குள் விட்டவனின் நிலைமைதான். இதற்குள் அவை பழைய உறுப்பினர்களுக்குச் செய்தி அனுப்பத் தொடங்கிவிட்டன. வயதான அம்மா ஒருவர், “தம்பி, எனக்கு எதற்குப்பா சூதாட்டச் சீட்டு, நான் கேட்டது மூக்குத்தி அவரை” என்று தொலைபேசியில் கேட்டார். உண்மை முகவரி என்று நம்பி அனுப்பிய மூன்று பொட்டலங்கள் ‘அப்படியொரு முகவரி இல்லை’ என்று திரும்பி வந்தன.

கோயம்புத்தூரிலிருந்து எழுதிய பொறியியல் மாணவத் தம்பிக்கு முதல் நன்றி. இவர்களுக்கு நம் கத்தரி விதைமேல் என்ன ஆசை என்று நான் கோபத்தில் கேட்டதற்கு, பொறுமையாக விளக்கினார். அவர்களுக்கு நாமும் வேண்டாம், விதையும் வேண்டாம்; ஊரெங்கும் தங்கள் இணைப்பு ஒட்டப்பட்டிருந்தால் தேடுபொறிகள் அதை மதிப்புள்ளதாக எண்ணும் என்ற கணக்கு. சுவர் யாருடையது என்று பார்த்தா போஸ்டர் ஒட்டுகிறார்கள்? இதை முறியடிக்கவே 2005இல் பெரிய தேடுபொறி நிறுவனங்கள் ‘நோஃபாலோ’ என்றொரு குறியைக் கொண்டுவந்தன. அந்தக் குறி இருக்கும் இணைப்புக்கு மதிப்பு சேராது என்றார்கள். அதை நம் பதிவேட்டில் அவர் சேர்த்துக் கொடுத்தார். நிரல்கள் அதைக் கவனித்து விலகிப் போகும் என்று நான் நம்பியது என் அறியாமை. அவை எதையும் கவனிப்பதில்லை.

நான் பார்த்தும் பார்க்காத இன்னொன்றையும் அவர்தான் கண்டுபிடித்தார். நாற்பது கணக்குகளின் மின்னஞ்சல்கள் வெவ்வேறாகத் தெரிந்தாலும், எல்லாம் ஒரே ஜிமெயில் முகவரி. ஜிமெயில் தன் முகவரிகளில் புள்ளியைப் பொருட்படுத்துவதில்லை. ஒரே பெயரில் புள்ளியை இங்கொன்றும் அங்கொன்றுமாக மாற்றி வைத்தால் நமக்கு அது நாற்பது ஆள். கடிதமெல்லாம் போய் விழுவதோ ஒரே பெட்டியில். புள்ளிகளை நீக்கிவிட்டு ஒப்பிட்டதும் பாதிக் கூட்டம் கலைந்தது.

மீதிப் பாதியைக் கலைத்தவர் கணினியைத் தொட்டே பழக்கமில்லாதவர். கோபிசெட்டிபாளையத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர் ஐயாவைத்தான் சொல்கிறேன். திரும்பி வந்த பொட்டலங்களைப் பற்றி அவரிடம் புலம்பினேன். “பட்டியலை அச்செடுத்து அனுப்புங்கள், பின்கோடைப் பார்த்துச் சொல்கிறேன்” என்றார். 1972இல் பின்கோடு வந்த காலத்திலிருந்து அதோடு வாழ்ந்தவர். முதல் இலக்கம் மண்டலம், முதல் மூன்று இலக்கம் தபால் பிரிக்கும் மாவட்டம் என்பதெல்லாம் அவருக்கு வாய்ப்பாடு. ஊர் மதுரை என்றிருக்கும், எண் 7இல் தொடங்கும். ஊர் ஈரோடு என்றிருக்கும், எண் 90210. அது அமெரிக்காவின் பெவர்லி ஹில்ஸ் பகுதிக்கான எண்ணாம். அங்கிருந்து யாரோ நம்மிடம் கொத்தவரை விதை கேட்கிறார்கள். சிவப்பு மையில் சுழித்து, பதினோரு பக்கங்களைப் பதிவுத் தபாலில் திருப்பி அனுப்பினார்.

அவர் சுழித்ததைவிடச் சுழிக்காமல் விட்டதற்குத்தான் நான் கடமைப்பட்டிருக்கிறேன். 9இல் தொடங்கும் ஒரு முகவரியை நான் ஏற்கெனவே போலி என்று ஒதுக்கியிருந்தேன். பக்க ஓரத்தில் ஐயா எழுதியிருந்தார்: “ஒன்பது என்றால் ராணுவத் தபால். இவர் எல்லையில் இருக்கும் பையன். உடனே சேருங்கள்.” விசாரித்தேன், முகாமில் பழைய தகர டப்பாக்களில் தக்காளி வளர்க்கும் ராணுவ வீரர்தான் அவர். ஐந்து இலக்கம் என்றாலே போலி என்று நான் வைத்திருந்த விதியையும் ஐயா அடித்துவிட்டார். இலங்கையிலும் மலேசியாவிலும் அஞ்சல் எண் ஐந்து இலக்கம்தான், யாழ்ப்பாணம் 40000. துபாயில் வீட்டுக்கு அஞ்சல் எண்ணே கிடையாது, தபால் பெட்டி எண்தான். வெளிநாட்டுக்கு நாம் விதை அனுப்புவதில்லை, உரிய தாவர நலச் சான்று இல்லாமல் அனுப்பவும் கூடாது. ஆனாலும் ஊருக்கு வரும்போது வாங்கிப் போகவும், சந்தேகம் கேட்கவும் அங்கிருந்து பலர் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களையெல்லாம் ஒரு விதியால் வாரி வெளியே கொட்டியிருப்பேன்.

கொட்டவும் செய்தேன், வேறு வழியில். நிரல்கள் வெளிநாட்டு ஐ.பி. முகவரிகளிலிருந்து (இணையத்தில் ஒரு கணினி எங்கிருந்து வருகிறது என்று காட்டும் எண்) வருகின்றன என்று கேள்விப்பட்டு, நான்கு நாள் இந்தியாவுக்கு வெளியே மொத்தமாகக் கதவைச் சாத்தினேன். நிரல்கள் இந்திய முகவரி வழியாக வந்து சேர்ந்தன. மஸ்கட்டிலும் மலேசியாவின் கிள்ளானிலும் இருப்பவர்கள்தான் உள்ளே வர முடியாமல் நின்றார்கள். அதைத் திட்டாமல் தெரிவித்தவர்களுக்கு நன்றி. திட்டித் தெரிவித்தவருக்கும் நன்றி. அவர் சொன்னதுதான் சீக்கிரம் உறைத்தது.

அருப்புக்கோட்டை ஆசிரியை, சேருகிறவர்களிடம் கேட்பதற்குத் தமிழில் கேள்விகள் எழுதிக் கொடுத்தார். மண்ணுக்கு அடியில் விளைவது வெண்டையா, சுரையா, முள்ளங்கியா என்பது போல. மூன்று விடையில் ஒன்றைத் தொடச் சொன்னால், கண்ணை மூடித் தொட்டாலும் மூன்றில் ஒன்று நுழைந்துவிடும். மூன்று கேள்வி கேட்டால் இருபத்தேழில் ஒன்று. வருவது நூறு நூறாக வரும்போது அதுவும் போதவில்லை. விடையைத் தட்டச்சு செய்யச் சொன்னோம். உடனே யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் மாட்டிக்கொண்டார். ஒரு கேள்விக்கு நாங்கள் வைத்திருந்த விடை காராமணி. அவர் எழுதியது பயிற்றங்காய். மூன்று முறை எழுதியும் நம் பதிவேடு அவரை மனிதர் இல்லை என்றது. “பயிற்றங்காயைப் பயிற்றங்காய் எண்டு சொன்னால் பிழையோ?” என்று எழுதிக் கேட்டிருந்தார். பிழை எங்களுடையதுதான், அக்கா. இப்போது ஒவ்வொரு காய்க்கும் நான்கைந்து பெயர்கள் ஏற்கப்படுகின்றன. பரங்கிக்கும் பூசணிக்கும் உள்ள குழப்பத்தை மட்டும் எங்களால் தீர்க்க முடியவில்லை. அந்தக் கேள்வியையே எடுத்துவிட்டோம்.

அடுத்தது நன்றியோடு மன்னிப்பும் சேர்ந்தது. திருச்சியில் இருக்கும் பார்வையற்ற ஆசிரியர் ஐயாவுக்கு. கோணல் எழுத்துப் படம் காட்டி மனிதரா என்று சோதிக்கும் கேப்ட்சா முறை 2000வாக்கில் அமெரிக்காவின் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் வளர்த்தெடுக்கப்பட்டது. லூயிஸ் வான் ஆன் என்ற ஆய்வாளர் பின்பு அதையே பழைய நூல்களை எண்ணிம (டிஜிட்டல்) வடிவுக்குக் கொண்டுவரப் பயன்படுத்தினார். கணினியால் படிக்க முடியாத அச்சுச் சொற்களை மக்கள் படித்துக் கொடுத்தார்கள். அருமையான யோசனை, கண் தெரிந்தவர்களுக்கு. ஐயாவை மனத்தில் வைத்தே நாங்கள் படத்தைத் தவிர்த்து வேறொன்று செய்திருந்தோம். படிவத்தில் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு கட்டம். நிரலுக்கு எல்லாக் கட்டமும் ஒன்றுதான் என்பதால் அதையும் நிரப்பி மாட்டிக்கொள்ளும், மனிதர் பார்க்கமாட்டார், நிரப்பமாட்டார். ஐயா திரைவாசிப்பான் மென்பொருள் வைத்துத்தான் படிவத்தைக் கேட்கிறார். அது மறைந்திருந்த கட்டத்தையும் உரக்கப் படித்துவிட்டது. ஒழுங்கான மனிதராதலால் அவர் அதையும் நிரப்பினார். நாங்கள் அவரை எந்திரம் என்று முடிவு செய்து, ஆறு ஆண்டு உறுப்பினரின் கணக்கை முடக்கினோம்.

அவர் கோபப்படவில்லை. எந்தக் கட்டம், எந்த இடத்தில் படிக்கப்படுகிறது, திரைவாசிப்பான் அதைத் தாண்டிப் போக எந்தக் குறியைச் சேர்க்க வேண்டும் என்று ஒலிப்பதிவாக அனுப்பினார். தம்பி அதைக் கேட்டு ஒரே மாலையில் திருத்தினார். இனி யாருடைய கணக்கையும் தொலைபேசியில் ஒருமுறை கேட்காமல் முடக்குவதில்லை என்று அன்றுதான் முடிவு செய்தோம். அந்தத் தொலைபேசி அழைப்புகளைப் பங்கிட்டுக்கொண்ட ஏழு பேருக்கும் என் வணக்கம். ஒருவர் தன் பேருந்துப் பயணம் முழுக்க இதையே செய்திருக்கிறார்.

போலிகள் இன்னும் வருகின்றன. நேற்று நான்கு. காலையில் காபி ஆறுவதற்குள் எடுத்துவிடுகிறேன்.

திருச்சி ஐயா மணத்தால் செடிகளை அறிகிறவர்; திருநீற்றுப்பச்சை விதை கேட்டிருந்தார். கோபியிலிருந்து வந்திருந்த அஞ்சல் ஐயாதான் அந்தப் பொட்டலத்தின்மேல் முகவரி எழுதினார். பின்கோடைக் கொஞ்சம் பெரிதாகவே எழுதியிருக்கிறார். செவ்வாய்க்கிழமை அனுப்பினோம். முளைத்ததும் சொல்லுங்கள், ஐயா.

நன்றியுடன்,
உங்கள் பதிவேட்டுப் பொறுப்பாளர்