மூலையில் விடுபட்ட சதுரம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு தங்கள் மாணவர் பக்கத்தில் சாதாரண தரப் பரீட்சைக்குரிய இருபடிச் சமன்பாடுகளை விளக்கிய கட்டுரையாளர், வர்க்கப்பூர்த்தி முறை (குறையும் பகுதியைக் கூட்டி நிறைவர்க்கமாக்கித் தீர்ப்பது) தோட்டப்புற மாணவர்களுக்குச் சுமை என்றும், சூத்திரத்தை மனனம் செய்தாலே போதும் என்றும் எழுதியிருந்தார். அந்தச் சூத்திரமே வர்க்கப்பூர்த்தியினால் பெறப்படுவது என்பதைத் தாங்கள் அறியாதவர் அல்லர். அவருக்கும் யாரேனும் சொல்லியிருக்கலாம்.

ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாத்திலிருந்து எழுதிய அல்குவாரிஸ்மி இதைப் படம் வரைந்தே காட்டினார். ஓர் எண்ணின் வர்க்கத்துடன் அதன் பத்து மடங்கைக் கூட்ட 39 வருகிறது, எண் யாது? அவ்வெண்ணைப் பக்கமாகக் கொண்ட சதுரத்தின் அடுத்துள்ள இரு பக்கங்களிலும், பத்தில் பாதியான 5 ஐ அகலமாகக் கொண்ட செவ்வகங்களை ஒட்டினால், மூலையில் 25 சதுர அலகு வெறுமையாக நிற்கும். அதை நிரப்பினால் 39 உடன் 25 சேர்ந்து மொத்தம் 64, பெரிய சதுரத்தின் பக்கம் 8, அதில் 5 போக விடை 3. (மற்றைய விடையான −13 ஐ அவர் பொருட்படுத்தவில்லை, நம் பிள்ளைகள் விட்டால் புள்ளி போய்விடும்.)

தோட்டப் பாடசாலையொன்றில் இப்படத்தைக் கரும்பலகையில் வரைந்து, தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குப் பின்னாலுள்ள மரக்கறிப் பாத்தியாக நினைக்கச் சொன்னேன். கொழுந்து பறிக்கும் தாயொருத்தியின் மகள், "அந்த மூலையில கோவா நட்டா பாத்தி சரியா வந்துரும் சேர்" என்றாள். சுமை எங்கே இருக்கிறது, ஐயா? நான் படித்த காலத்தில் ஒன்றரை ஆண்டு கணித ஆசிரியரே இல்லாதிருந்தபோதும், தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இவ்வளவு போதும் என்றே சொன்னார்கள். அந்த "போதும்" இன்னும் ஓய்வுபெறவில்லை, நான்தான் ஓய்வுபெற்றுவிட்டேன்.

இருபடிச் சார்பொன்றின் இழிவுப் பெறுமானத்தை, அதாவது அது எடுக்கும் மிகக் குறைந்த பெறுமானத்தை, வரைபு கீறாமலே சொல்வதற்கும் இந்த நிறைவர்க்கமே கைகொடுக்கிறது; மனனம் செய்த சூத்திரம் அங்கே வாய் திறக்காது. இதுபற்றி முன்னரும் இரு கடிதங்கள் அனுப்பினேன். இடப்பற்றாக்குறையால் வெளிவரவில்லை என்று ஏற்றுக்கொண்டேன். அவ்விரு வாரங்களிலும் ராசிபலன் முழுப்பக்கத்தில் வந்திருந்தது.

மேலே குறியீடுகளைத் தவிர்த்துச் சொற்களால் எழுதியமைக்குக் காரணம் உண்டு. அல்குவாரிஸ்மியும் அவ்வாறே எழுதினார் என்பது ஒன்று. தங்கள் அச்சில் அடுக்கு 2 எப்போதும் கீழே விழுந்து, வர்க்கம் இருமடங்காகிவிடுகிறது என்பது மற்றொன்று. அடுத்த ஞாயிறு அந்தச் சதுரப் படத்தை, நான்கு அங்குலத்தில் என்றாலும், வெளியிடுமாறும், அடுக்கை அதற்குரிய உயரத்தில் அச்சிடுமாறும் பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர்,
தலவாக்கலை.