குடையைத் திருப்பித் தர வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம்.

பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து ஒரு வருடம் முடிந்துவிட்டது. நேரில் நன்றி சொல்லத் தெரிந்திருந்தால் இந்த மடல் தேவைப்பட்டிருக்காது. எனக்கு அது வராது என்பது உங்களுக்கே தெரியும். ஆட்களைப் பார்த்தால் தொண்டை அடைக்கும், எழுத உட்கார்ந்தால் கை நிற்காது. சரி, எழுதுகிறேன். பேர் போடக்கூடாது என்று ஒரு அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் யாருடைய பேரும் இதில் இல்லை.

முதலில் குடை. எங்கள் வீடு கிளிநொச்சியில், ஏ9 வீதிக்குக் கிட்ட. யாழ்ப்பாணத்துக்கும் கண்டிக்கும் ஓடுகிற அதே வீதிதான் என்னை இங்கே கொண்டுவந்தது. எங்கள் ஊரில் குடை பெரும்பாலும் வெயிலுக்கு. முதல் கிழமையே கலஹா சந்தியில் மழை கொட்டியது. நான் பையைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்ற ஒரு அக்கா சிங்களத்தில் ஏதோ கேட்டார். தலையை ஆட்டினேன். ஆங்கிலத்தில் கேட்டார். அதற்கும் தலையைத்தான் ஆட்டினேன். பஸ் வந்ததும் தன் குடையை என் கையில் திணித்துவிட்டு ஏறிப் போய்விட்டார். நீலக் கட்டம் போட்ட குடை, பிடியில் சிவப்பு நூல் கட்டியிருக்கும்.

அடுத்தது மாத்தறையில் இருந்து வந்த என் அறைத்தோழி. முதல் மாதம் முழுக்க நாங்கள் பேசிக்கொண்டது இருபது வசனம் இருக்குமா தெரியாது. அவள் என்னைப் பேச வைக்க முயலவே இல்லை. தேநீர் போட்டால் இரண்டு கோப்பை போடுவாள், அவ்வளவுதான். இரவில் அவளுடைய அம்மா போனில் 'பத் கேவத' என்று கேட்பார், சாப்பிட்டாயா என்று. ஒரு நாள் அந்தக் கேள்விக்குப் பின்னால் 'துவத் கேவத' என்று இன்னொன்று வந்தது. மகளும் சாப்பிட்டாளா என்று அர்த்தம். அந்த மகள் நான்தான் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. நான் சிங்களத்தில் வாய் திறந்து சொன்ன முதல் சொல் 'கேவா'. சாப்பிட்டேன்.

விஞ்ஞான பீடத்தில் எல்லாம் ஆங்கிலம். உயர்தரத்தில் நான் படித்தது, கலம் பிரியும் இரண்டு விதங்களான இழையுருப்பிரிவும் ஒடுக்கற்பிரிவும். விரிவுரை மண்டபத்தில் அவையே வேறு பேரில் வந்து நின்றபோது, வீட்டு ஆட்களை முகமூடியோடு பார்த்த மாதிரி இருந்தது. கை தூக்கிக் கேட்டால் ஒரு நிமிட வேலை. அந்தக் கைதான் எழும்பாதே.

அங்கேதான் குப்பி காப்பாற்றியது. வெளி ஆட்களுக்காகச் சொல்கிறேன்: குப்பி என்றால் பரீட்சைக்கு முன் சீனியர்கள் ஜூனியர்களைக் கூட்டிவைத்துப் பாடம் சொல்லிக் கொடுப்பது. சம்பளம் இல்லை, வரவுப் பதிவும் இல்லை. பேர் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் குப்பி விளக்கைத்தான் சொல்கிறார்கள். அம்மாவிடம் சொன்னேன், சிரித்தா. யுத்த காலத்து மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டில் ஜாம் போத்தல் விளக்கில் படித்தவ அவ.

எங்கள் குப்பி அக்கா முதல் நாளே சொன்னார்: "கேள்வியைக் கடதாசியில எழுதி மேசையில வையுங்கோ. பேர் வேண்டாம்." கேட்கப் பயந்தது நான் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு ஒரு துண்டு வைத்தேன். மேசையில் ஏழு துண்டு இருந்தது. அதில் மூன்று, என்னுடைய அதே கேள்வி. அக்கா, அன்றைக்கு நீங்கள் சொல்லித் தந்த பாடம் பாதி மறந்துவிட்டது. அந்த மூன்று துண்டும் மறக்கவில்லை.

அப்புறம் பனை. தாவரவியலில் ஆளுக்கு 5 நிமிடம் ஒரு மரத்தைப் பற்றிப் பேச வேண்டும். நான் விரிவுரையாளரின் அறைக்குப் போய், புள்ளியைக் குறையுங்கள், பேசமாட்டேன் என்று எழுதிய கடிதத்தை நீட்டினேன். அவர் வாசித்தார். கடிதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "உங்கள் வீட்டில் என்ன மரம் நிற்கிறது?" என்று மட்டும் கேட்டார். பனை என்றேன். "அப்போ உட்கார்ந்துகொண்டே பேசுங்கள், மரத்தைக் கையில் கொண்டுவாருங்கள்" என்றார். அம்மா பஸ்ஸில் ஒரு பொதி அனுப்பினா: ஓலை, பனங்கிழங்கைக் காயவைத்த ஒடியல், அவித்துக் காயவைத்த புழுக்கொடியல்.

கதிரையில் இருந்தபடி, மேசையைப் பார்த்துக்கொண்டு தொடங்கினேன். ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பூக்கிற வரைக்கும் எது எதென்று தெரியாது, பூக்கப் பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு மேலேயும் ஆகலாம் என்றேன். பின் வரிசையில் ஒருவன், அதுவரை வெட்டி எறிய மனம் வராதா என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. பனைக்காக வந்த கோபத்தில் என் கூச்சம் எங்கே போனதோ! ஓலை வேலிக்கும் கூரைக்கும், கள் இரண்டு மரத்திலும் இறக்கலாம், கொட்டையைப் புதைத்தால் கிழங்கு, காய வைத்தால் ஒடியல், இடித்தால் கூழுக்கு மா என்று சொல்லிக்கொண்டே போனேன். நிமிர்ந்தபோது 11 நிமிடம் ஆகியிருந்தது. புழுக்கொடியல் அத்தனையும் தீர்ந்துவிட்டது. அந்தப் பின்வரிசைக்காரனுக்கும் நன்றி, பல் வலித்திருந்தால் மன்னிக்கவும்.

பல்கலைக்கழகத்துக் குறிஞ்சிக்குமரன் கோயிலில் வெள்ளிக்கிழமைகளில் மாலை கட்டும் வேலையை எனக்கென்றே ஒதுக்கிவைத்தவர்களுக்கும் நன்றி. கையில் வேலை இருந்தால் வாய் சும்மா இருப்பதை யாரும் கவனிப்பதில்லை. நான் சொல்லும் முன்பே பிளேன்டீயை நீட்டும் கன்டீன் அண்ணாவுக்கும் நன்றி.

கூச்சத்தை விடு, வெளியில் வா என்று புத்தி சொன்ன உறவினர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். ஆனால் அது சளி பிடித்தவரிடம் தும்மாதே என்று சொல்வது போலத்தான் எனக்குக் கேட்டது.

அம்மாவுக்கு நன்றி சொன்னால் "என்ன பிள்ளை, புதுசா" என்பா. அதனால் விடுகிறேன்.

வருகிற வியாழக்கிழமை புதிய பட்ச்சுக்குக் குப்பி. கலப்பிரிவு என் தலையில் விழுந்திருக்கிறது. கடதாசித் துண்டுகள் வெட்டி வைத்துவிட்டேன்.

குடை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. இந்தப் பகுதியை மட்டும் அறைத்தோழி சிங்களத்தில் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள், பஸ் நிறுத்தத்தில் ஒட்டிவிடுகிறோம். அக்கா, திங்கட்கிழமைகளில் காலையில் கலஹா சந்தியில் நிற்பேன். எந்த மொழியிலாவது கேளுங்கள், இந்த முறை பதில் சொல்கிறேன்.