கசப்பை வெட்டிவிட்டு 'சவுத் பசிபிக்' போட முடியாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நியூயார்க்கின் பிராட்வே அரங்குகளில் நடந்த பழைய இசை நாடகங்களை மறுபடி மேடையேற்றுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 'சவுத் பசிபிக்' நாடகத்தை இன்று போடுவதென்றால் நாயகி நெல்லியின் நிறவெறியைக் குறைத்து, காதலை மட்டும் முன்னால் கொண்டுவரலாம் என்கிறார் கட்டுரையாளர். இதை என்னால் கொஞ்சமும் ஏற்க முடியவில்லை. அந்த நிறவெறிதான் நாடகத்தின் முடிச்சு.

நாடகத்தைப் பார்க்காத வாசகர்களுக்காகக் கதையைச் சுருக்கிச் சொல்கிறேன். இரண்டாம் உலகப் போரின்போது பசிபிக் தீவொன்றில் அமெரிக்கக் கடற்படைத் தளம். அங்கே நர்ஸாக இருக்கும் நெல்லி, ஆர்க்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் ஊர்க்காரி. எமீல் என்ற பிரெஞ்சுத் தோட்ட முதலாளியை விரும்புகிறாள். அவர் பிரான்சில் ஒருவனைக் கொன்றுவிட்டு ஓடிவந்தவர். அது தெரிந்தும் அவள் விலகவில்லை. ஆனால் அங்கே ஓடியாடும் இரண்டு குழந்தைகளும் எமீலுடைய பிள்ளைகள், இறந்துபோன அவர்களின் தாய் ஒரு பாலினேசியப் பெண் என்று தெரிந்ததும் விலகிவிடுகிறாள். கொலையைப் பொறுத்துக்கொண்டவளால் குழந்தைகளின் நிறத்தைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. இதில் எதைக் குறைப்பது?

குறைக்கச் சொன்னவர்கள் அன்றும் இருந்தார்கள். வெறுப்பு யாருக்கும் பிறவியிலேயே வருவதில்லை, சின்ன வயதிலேயே பெரியவர்கள் ஊட்டி வளர்ப்பது என்று நாடகத்தில் வரும் இளம் அமெரிக்க அதிகாரி லெப்டினன்ட் கேபிள் பாடும் பாட்டை எடுத்துவிடும்படி, நாடகத்துக்கு இசையமைத்த ரோஜர்ஸுக்கும் பாடல்களை எழுதிய ஹாமர்ஸ்டைனுக்கும் பலர் ஆலோசனை சொன்னார்கள். இருவரும் மறுத்துவிட்டார்கள். 1949 ஏப்ரலில் நியூயார்க் மெஜஸ்டிக் அரங்கில் தொடங்கிய நாடகம் 1,925 முறை நடந்தது. 1950-ல் புலிட்சர் பரிசும் பெற்றது. 1953-ல் அட்லாண்டாவில் மேடையேறியபோது, ஜார்ஜியா மாநில சட்டமன்றத்தினர் இருவர் இதற்குள் மாஸ்கோவின் தூண்டுதல் இருப்பதாகச் சொல்லி, இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளைத் தடுக்கச் சட்டம் கொண்டுவரப் பார்த்தார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து, நெல்லியின் ஊரான அதே லிட்டில் ராக்கில் ஒன்பது கறுப்பின மாணவர்களைப் பள்ளிக்குள் விடமாட்டோம் என்று கூட்டம் திரண்டது. அந்தக் கூட்டத்தில் எத்தனை நெல்லிகள் நின்றிருப்பார்கள்! நாடக ஆசிரியர்கள் அவளை எவ்வளவு சரியாகக் கண்டு எழுதியிருக்கிறார்கள் என்று எனக்கு இன்றும் வியப்புதான்.

2008-ல் நியூயார்க் லிங்கன் சென்டரில் பார்ட்லெட் ஷெர் இயக்கியதுதான் பிராட்வேயில் நடந்த முதல் மறு மேடையேற்றம். அந்தத் தயாரிப்பு 2011-ல் லண்டன் பார்பிகன் அரங்குக்கு வந்தபோது நான் பார்த்தேன். அதில் எதையும் இனிப்பாக்கவில்லை. 1949-ல் நீக்கப்பட்ட ஒரு பாட்டை, கேபிளும் நெல்லியும் ஊர் நினைவில் பாடுவதை, திரும்பச் சேர்த்தார்கள். அதனால் இந்த இருவரும் நிறவெறி என்ற ஒரே நோயால் பீடிக்கப்பட்டவர்கள் என்பது புரிந்தது. கறுப்பின வீரர்கள் மற்றவர்களோடு கலக்காமல் தனியே நின்றார்கள். போர்க்காலப் படைகளில் நிறப் பிரிவினை இருந்தது உண்மை. அதை ஒழிக்கும் ஆணையை அதிபர் ட்ரூமன் பிறப்பித்தது 1948-ல்தான். அந்தத் தயாரிப்புக்கு, பிராட்வே நாடகங்களுக்கு வழங்கப்படும் டோனி விருதுகள் ஏழு கிடைத்தன. பெரிய வாத்தியக்குழு வீண்செலவு என்றும் கட்டுரையில் ஒரு வரி இருக்கிறது. நியூயார்க்கில் முப்பது கலைஞர்கள் வாசித்தார்கள். தொடக்க இசையின்போது மேடைத் தளமே பின்னால் நகர்ந்து அவர்களைக் காட்டியது. அந்த இசையைக் குறைத்துவிட்டு இந்தக் காதலை யார் நம்புவார்கள்?

ஒரு விஷயத்தில் கட்டுரையாளரின் பக்கம் நிற்கிறேன். லியட் என்ற இளம்பெண்ணுக்கு நாடகத்தில் பேச்சே இல்லை என்று சொல்லலாம். அவளை அவளுடைய தாய் பிளடி மேரி அமெரிக்க அதிகாரி கேபிளிடம் கொண்டுபோய் விடுகிறாள். கேபிள் அவளை நேசிக்கிறான், மணக்க மறுக்கிறான். இந்தக் குறைபாட்டுக்கு, வசனத்தை மாற்றாமலே வழி கண்டது 2021-ல் சிசெஸ்டர் விழா அரங்கில் டேனியல் எவன்ஸ் இயக்கிய தயாரிப்பு. அடுத்த ஆண்டு அது லண்டன் சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்குக்கு வந்தது. லியட்டாக நடித்த சேரா மாயேஹாரா நடனக் கலைஞர். அவர் தனியே ஆடித்தான் நாடகம் தொடங்கியது. தாயாக நடித்த ஜோவானா ஆம்பில், வழக்கமாகக் குதூகலமாகப் போகும் பாட்டை மகளுக்கு ஒரு வாழ்வு கேட்டு மன்றாடுவதாகப் பாடினார். சொல் எதுவும் மாறவில்லை. கேட்டுக்கொண்டிருந்த எனக்குத் தொண்டை அடைத்தது.

அந்தத் தாயும் மகளும் டோங்கின் மக்கள், அதாவது இன்றைய வடக்கு வியட்நாமிலிருந்து பிரெஞ்சுத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். மூலக் கதைகளை எழுதிய ஜேம்ஸ் மிச்செனர், கடற்படை அதிகாரியாக, இன்று வனுவாட்டு என்று பெயர்பெற்ற தீவுக்கூட்டத்தில் இருந்தபோது இவர்களைக் கண்டார். நாடகத்திலோ, பிளடி மேரி புல் பாவாடை விற்றுத் தோட்ட ஆட்களை இழுத்துக்கொள்கிறாள் என்று முதலாளிகள் புகார் செய்வது ஒரு வேடிக்கைக் காட்சியாகக் கடந்துவிடுகிறது. எமீலின் தோட்டத்தில் வேலை செய்தவர்கள் யார், அவர்களுக்கு என்ன கூலி என்று நாடகம் கேட்பதில்லை. இனி இதை மேடையேற்றும் இயக்குநர்கள் உழைக்க வேண்டிய இடம் அதுதான். நெல்லியை அவள் இருக்கிறபடியே விட்டுவிடட்டும். உங்கள் இதழும் அடுத்த முறை இந்த நாடகத்தைப் பற்றி வெளியிடும்போது, அந்தக் கூலி மக்களின் வரலாற்றை அறிந்த ஒருவரை எழுதச் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
லண்டன் வாசகி ஒருவர்