பிளேடை கழட்டாம சாணை பிடிக்கச் சொல்லாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல சின்ன டிராக்டர் பராமரிப்பு பத்தி ஒரு முழுப்பக்கம் வந்துச்சு. ஆயில் மாத்துறது, ஏர் ஃபில்டர் சுத்தம் பண்றது, டயர் காத்து, பேட்டரி டெர்மினல்னு எல்லாம் நல்லாத்தான் எழுதியிருந்தாங்க, அதுல எனக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா கடைசில புல் வெட்டுற மோவருக்குன்னு நாலே நாலு வரி, அதுல மோவரை ஹைட்ராலிக்ல தூக்கி வச்சுட்டு அடியில கிரைண்டரை விட்டு பிளேடை லேசா தேய்ச்சு விட்டா போதும், கழட்ட வேண்டியதில்லன்னு போட்டுட்டாங்க. அதைப் படிச்சதுல இருந்து எனக்கு மனசே கேக்கல. பேப்பர்ல வந்துருச்சுன்னா அதை நம்பி நாலு பேர் அப்படியே செய்வாங்க, அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதுறேன், இடம் இருந்தா தயவு செஞ்சு போடுங்க.

அந்த நாலு வரில ரெண்டு தப்பு இருக்கு. ஒன்னு உயிருக்கு, இன்னொன்னு மெஷினுக்கு.

முதல்ல உயிர் விஷயம். ஹைட்ராலிக் தூக்கிப் பிடிக்குதுன்னா வெறும் எண்ணெய் அழுத்தம்தான் பிடிச்சுட்டு இருக்கு, அதுக்குக் கீழ இரும்பு எதுவும் முட்டு கொடுக்கல. சீல் தேய்ஞ்சிருந்தா மெல்ல மெல்ல இறங்கும், அதையாவது கண்ணால பாத்துடலாம், ஆனா ஹோஸ் விட்டுருச்சுன்னாலோ லீவர்ல யார் கையாவது பட்டுருச்சுன்னாலோ பாக்குறதுக்கு நேரமே இருக்காது. இஞ்சின் ஆஃப்ல இருந்தா ஒன்னும் ஆகாதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அது தப்பு, இஞ்சின் ஓடலன்னாலும் பின்பக்க லிஃப்ட் லீவரைக் கீழ தள்ளுனா எடை தன்னால இறங்கிடும். 5 அடி ஸ்லாஷர்னா (டிராக்டருக்குப் பின்னால மாட்டி புதர் வெட்டுற மோவர்) 200 கிலோவுக்கு மேலயே இருக்கும், அது கை மேல விழுந்தா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்ல.

எனக்கு இது நடந்திருக்கு. மோவரைத் தூக்கி வச்சு, ரெண்டு பக்கமும் தடியான மரக்கட்டை அடுக்கிட்டு, அடியில கையை விட்டு போல்ட்டைப் பாத்துட்டு இருந்தேன். என் மச்சான் நல்ல எண்ணத்துலதான், இன்னும் கொஞ்சம் வெளிச்சம் வரட்டும்னு டிராக்டரை நகர்த்தலாமான்னு கேட்டுக்கிட்டே சீட்ல ஏறி உக்காந்தார், அவர் முழங்கை லீவர்ல பட்டுச்சு. டெக், அதாவது பிளேடை மூடியிருக்குற இரும்புக் கூடு, தடார்னு இறங்கி கட்டை மேல உக்காந்துச்சு. கட்டைக்கும் டெக்குக்கும் நடுவுல ரெண்டு விரல் இடைவெளிதான் விட்டிருந்தேன், அதனால என் கை இன்னைக்கும் என்கிட்ட இருக்கு. மச்சான் அப்படியே வெளிறிப் போயிட்டார், அன்னைக்கு வேலையை அதோட நிறுத்திட்டோம்.

அதனால தூக்குறதுக்கு மட்டும்தான் ஹைட்ராலிக், தாங்குறதுக்கு ஜாக் ஸ்டாண்டோ நல்ல கட்டையோ வேணும், செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் வேண்டாம், அது சொல்லாம கொள்ளாம நொறுங்கும். வயித்துக்கு அடியில மாட்டுற மோவரா இருந்தா இன்னும் நல்லது, பல மாடல்ல பின்னை எடுத்து பிடிஓ ஷாஃப்ட்டை (டிராக்டர் இஞ்சின் சக்தியை மோவருக்குக் கொண்டு வர்ற தண்டு) கழட்டுனா டெக்கை அப்படியே பக்கவாட்டுல இழுத்துடலாம், டிராக்டரே இல்லாத இடத்துல வேலை பாக்கலாம். பத்து நிமிஷம் கூட ஆகும், ஆகட்டும். பின்னால மாட்டுறதுன்னா பிடிஓ ஷாஃப்ட்டை டிராக்டர் பக்கம் கண்டிப்பா கழட்டிடணும். பிடிஓ ஆஃப், ஹேண்ட் பிரேக், இஞ்சின் ஆஃப், சாவி நம்ம பாக்கெட்ல. சாவி வண்டிலயே தொங்கக் கூடாது. பிளேடு முழுசா நிக்கிற வரைக்கும் கிட்ட போகக் கூடாது, இஞ்சின் நின்ன அப்புறமும் அது கொஞ்ச நேரம் சுத்திட்டேதான் இருக்கும்.

இன்னொன்னு சொல்லணும். மூணு பிளேடு இருக்குற டெக்ல எல்லாம் ஒரே பெல்ட்லயோ கியர்லயோ கோத்திருக்கும், ஒன்னைத் திருப்புனா மத்ததும் திரும்பும். ஒருத்தர் இந்தப் பக்கம் ஸ்பானர் போட்டுத் திருப்ப, இன்னொருத்தர் அந்தப் பக்கம் விரலை வச்சிருந்தா போச்சு. ஒரு ஆள்தான் வேலை பாக்கணும், தடி தோல் கிளவுஸ் போட்டுக்கணும், மழுங்கின பிளேடுதானேன்னு வெறுங்கையால பிடிக்காதீங்க, அது சதையை வெட்டுற அளவுக்கு எப்பவும் கூர்மையாத்தான் இருக்கும்.

கழட்டுறதுல பாதி பேர் தோத்துப் போறதே போல்ட்லதான், துருப்பிடிச்சு இறுகிப் போய் அசையவே அசையாது, அந்தக் கோவத்துலதான் கழட்டாமயே தேய்ச்சுடலாம்ங்கிற யோசனையே வருது. பிளேடுக்கும் டெக் சுவருக்கும் நடுவுல ஒரு மரக்கட்டையை முட்டு கொடுத்துட்டா பிளேடு சுத்தாது. துரு ஆயிலை முந்தின நாள் ராத்திரியே அடிச்சு விட்டுடுங்க, காலைல பாதி வேலை முடிஞ்சிருக்கும். ரிங் ஸ்பானரும் சாக்கெட்டும் சரியான சைஸ்ல இருக்கணும், நீளமான கைப்பிடி போட்டு ஒரே சீரா அழுத்துங்க, வெட்டி வெட்டி இழுத்தா போல்ட் தலை உருண்டு போயிடும். மரை எந்தப் பக்கம்னு மெஷினோட புக்ல பாத்துட்டு ஆரம்பிங்க, பெரும்பாலும் வலது மரைதான், ஆனா எதிரெதிரா சுத்துற பிளேடு இருக்குற டெக்லயும் சில ஸ்லாஷர் கியர்பாக்ஸ்லயும் இடது மரை வரும், அது தெரியாம இன்னும் இன்னும் இறுக்கிட்டே போயி போல்ட்டை முறிச்சவங்க இருக்காங்க. கேஸ் வச்சு சூடு காட்டாதீங்க, மேல பேரிங்கும் ஆயில் சீலும் இருக்கு.

கழட்டுறதுக்கு முன்னாடி போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கோங்க, வாஷர் எந்த வரிசைல இருக்கு, குடை மாதிரி வளைஞ்ச வாஷர் எந்தப் பக்கம் பாத்து உக்காந்திருக்குன்னு தெரியும். பிளேடோட கீழ்ப்பக்கம் பெயின்ட்ல ஒரு பொட்டு, எந்த ஸ்பிண்டில்ல (பிளேடு மாட்டியிருக்குற அச்சு) இருந்துச்சுன்னு ஒரு நம்பர். இது சின்ன விஷயம்தான், ஆனா திருப்பி மாட்டுறப்ப இதோட அருமை தெரியும்.

சாணை பிடிக்கிறதுக்கு முன்னாடி பிளேடை நல்லா கழுவி வெளிச்சத்துல பாருங்க. கழட்டாம தேய்க்கிறவங்களுக்கு இந்தப் பார்வையே கிடைக்காது. பிளேடு முனையில பின்பக்கம் மேல தூக்கி வளைஞ்சிருக்குற றெக்கை மாதிரி பாகம் இருக்குல்ல, அதுதான் காத்தை இழுத்து புல்லை நிமிர்த்துது, அந்த வளைவு ஆரம்பிக்கிற இடத்துலதான் மணல் அரிச்சு அரிச்சு உலோகம் மெலிஞ்சு போகும். அங்க பள்ளம் விழுந்திருந்தாலோ பிளவு தெரிஞ்சாலோ அந்தப் பிளேடைத் தூக்கிப் போட்டுடுங்க, அது சுத்தும்போது பிச்சுக்கிட்டு பறந்தா பக்கத்துல நிக்கிறவங்களுக்கு என்ன ஆகும்னு யோசிங்க. வெடிப்பு, வளைவு, போல்ட் துளை நீளமா தேய்ஞ்சு போனது, இதுக்கும் அதே முடிவுதான். வெல்டிங் வச்சு ஒட்டுறதோ சுத்தியலால அடிச்சு நிமிர்த்துறதோ கூடவே கூடாது, சூடு காட்டி பதம் போட்டு கடினமாக்குன எஃகு அது.

சாணை பிடிக்கிற முறை ஒன்னும் பெரிய வித்தை இல்ல. பிளேடை வைஸ்ல இறுக்கிட்டு, மேல்பக்கம் இருக்குற சரிவை மட்டும் தேய்க்கணும், கீழ்ப்பக்கம் தட்டையாவே இருக்கட்டும். கம்பெனி போட்டு விட்ட சாய்மானம் என்னவோ அதே சாய்மானம், புல் மோவர்ல அது பெரும்பாலும் 30 டிகிரியை ஒட்டி இருக்கும். அரத்தால பிடிச்சா நேரம் ஆகும், ஆனா கெட்டுப் போகாது, புதுசா பழகுறவங்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். கிரைண்டர்னா ஒரே இடத்துல நிறுத்தாம நீளமா இழுத்து இழுத்து விடணும், கையால தொட முடியாத சூடு வந்தா நிறுத்திட்டு தானா ஆற விடணும். வாய், அதாவது வெட்டுற விளிம்பு, நீல நிறமா மாறிடுச்சுன்னா அந்த இடம் 300 டிகிரி செல்சியஸ் பக்கம் போயிருச்சுன்னு அர்த்தம், பதம் போக ஆரம்பிச்சிருச்சு, அப்புறம் எத்தனை தடவை தீட்டுனாலும் ரெண்டே நாள்ல மழுங்கிடும். செக்கச்செவேல்னு காய்ச்சி தண்ணில முக்குனா இன்னும் மோசம், எஃகு கண்ணாடி மாதிரி நொறுங்குற பக்குவத்துக்கு வந்துடும். கடைசில கீழ்ப்பக்கம் வந்திருக்குற பிசிரை அரத்தால ஒரு தடவை லேசா தடவி எடுத்துடுங்க. கண்ணுக்கு கண்ணாடி, கிரைண்டருக்கு பாதுகாப்பு மூடி, பக்கத்துல காஞ்ச புல்லோ டீசல் கேனோ இருக்கக் கூடாது.

ரொம்ப கூரா வைக்கணும்னு ஆசைப்படாதீங்க, முகம் வழிக்கிற பிளேடு மாதிரி வச்சா முதல் கல்லுலயே பல்லு விழுந்துடும். அதுலயும் புதர் வெட்டுற ஸ்லாஷர் பிளேடுக்கு வாய் ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன் விட்டே தீட்டணும், அது வெட்டுறது கூர்மையால இல்ல, வேகத்தால. அந்த பிளேடெல்லாம் ஒரு பின்ல தொங்கிட்டு இருக்கும், கல்லு மேல பட்டா பின்னால மடங்கிக்கணும், அது தடங்கல் இல்லாம ஆடுதான்னும் அப்பவே பாத்துடலாம். மாத்துறதா இருந்தா எல்லா பிளேடையும் ஒன்னாவே மாத்தணும், ஒன்னு புதுசு ஒன்னு பழசுன்னு போடக் கூடாது.

ஏன்னு கேட்டா, இதுதான் அந்தக் கட்டுரையோட ரெண்டாவது தப்பு. டெக்குக்கு அடியில படுத்துக்கிட்டு தேய்க்கிறவரால ரெண்டு முனையும் ஒரே எடையா இருக்கான்னு பாக்கவே முடியாது. சும்மா ஒரு கணக்கு போடுவோம். பிளேடு 50 செ.மீ. நீளம், நிமிஷத்துக்கு 3000 சுத்துன்னு வச்சுக்குவோம். செகண்டுக்கு 50 சுத்து, முனை மணிக்கு 280 கிலோமீட்டர் வேகத்துல ஓடுது. இதுல ஒரு முனையில 10 கிராம், வெறும் 10 கிராம், கூட இருந்தா அந்த வேகத்துல அது ஏறக்குறைய 250 நியூட்டன் விசையில வெளிப்பக்கம் இழுக்கும், அதாவது 25 கிலோ மூட்டையை ஸ்பிண்டில்ல கட்டித் தொங்க விட்ட மாதிரி, அதுவும் ஒரே பக்கம் இல்ல, செகண்டுக்கு 50 தடவை சுத்திச் சுத்தி எல்லாப் பக்கமும் இழுக்குது. பேரிங் எத்தனை நாள் தாங்கும்? நான் ஆரம்ப காலத்துல ஒரு பட்டறையில கொடுத்து அவசரமா தீட்டி வாங்கிட்டு வந்து அப்படியே மாட்டுனேன், மூணாவது தடவை புல் வெட்டுறப்பவே ஸ்டீயரிங் வரைக்கும் அதிர்வு வந்துச்சு, மண்ணு மேடு பள்ளம்னு நினைச்சு ஓட்டிட்டே இருந்தேன், கடைசில பேரிங் போயி, ஸ்பிண்டில் ஹவுசிங்ல வெடிப்பு விட்டு, டெக் தகடு வரைக்கும் கிழிஞ்சிருந்துச்சு. ஒரு பிளேடை எடை பாக்காத குத்தத்துக்கு அந்த சீசன் முழுக்க மோவர் நின்னு போச்சு.

எடை பாக்குறதுக்கு பெரிய மெஷின் எதுவும் வேணாம். சுவத்துல ஒரு ஆணி அடிச்சு நடுத்துளைல பிளேடை மாட்டி விடுங்க, எந்தப் பக்கம் சாயுதோ அது கனம், அந்தப் பக்கத்து வாயை இன்னும் ரெண்டு இழுப்பு தேய்ங்க, திரும்ப மாட்டிப் பாருங்க. துளை பெருசு ஆணி மெல்லிசுங்கிறதால பிளேடை முன்பின்னா திருப்பிப் போட்டும் ஒரு தடவை பாத்துடணும், ரெண்டு விதத்துலயும் படுக்கையா நின்னாத்தான் சரி. கூம்பு வடிவ பேலன்சர் ஒன்னு இருந்தா இன்னும் துல்லியமா தெரியும். றெக்கைல மட்டும் கை வைக்காதீங்க.

திருப்பி மாட்டுறப்ப றெக்கை மேல டெக்கைப் பாத்து இருக்கணும். தலைகீழா மாட்டிட்டு பிளேடு தீட்டியும் வெட்டலையேன்னு புலம்புறவங்க நிறைய, அந்த பெயின்ட் பொட்டு இதுக்குத்தான். கழட்ட இம்பாக்ட் கன் வச்சுக்கலாம், ஆனா கடைசி இறுக்கு டார்க் ரெஞ்சுலதான் (இறுக்கத்தை அளந்து காட்டுற ஸ்பானர்), எவ்வளவுன்னு உங்க மெஷின் புக்ல இருக்கும், மோவருக்கு மோவர் அது மாறும், ஸ்லாஷர் பிளேடு போல்ட்டுக்கு 500 நியூட்டன் மீட்டருக்கு மேல கேக்குற மாடலும் இருக்கு, அதெல்லாம் கைக்கணக்குல வராது. மரை தேய்ஞ்ச போல்ட்டை திரும்பப் போடாதீங்க. அரை மணி நேரம் ஓட்டுன பிறகு ஒரு தடவை நிறுத்தி, சாவியை எடுத்து, கட்டையும் வச்சுட்டு போல்ட் இறுக்கத்தை மறுபடி பாத்துடுங்க.

எப்ப தீட்டணும்னு புல்லே சொல்லிடும். வெட்டுன மறுநாள் நுனியைக் கிள்ளி எடுத்துப் பாருங்க, நேரா வெட்டுப்பட்டிருந்தா பிளேடு நல்லா இருக்கு, நார் நாரா பிஞ்சு நுனி வெளுத்துப் போயிருந்தா மழுங்கிடுச்சு. பிஞ்ச நுனி வழியா ஈரமும் போகும், நோயும் உள்ள வரும், இஞ்சினுக்கும் சுமை கூடி டீசல் கூடுதலா குடிக்கும். சாதாரணமா 20, 25 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு தடவை பாக்கலாம், மணல் தரைன்னா அதுக்கு முன்னாடியே.

ஆசிரியர் அய்யா, அந்தக் கட்டுரை எழுதினவர் மேல எனக்குக் கோவம் இல்ல, மத்ததெல்லாம் அக்கறையாத்தான் எழுதியிருக்கார். ஆனா அந்த நாலு வரியை மட்டும் திருத்தி, அதே பக்கத்துல அதே அளவு எழுத்துல போடணும்னு கேட்டுக்கிறேன், மூலைல சின்னதா போட்டா யாரும் பாக்க மாட்டாங்க. முடிஞ்சா ஒரு படமும் போடுங்க, டெக்குக்கு அடியில கட்டை எங்க நிக்கணும், பிளேடோட றெக்கை எந்தப் பக்கம் பாக்கணும்னு அம்புக்குறி போட்டு.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகர்