அமெரிக்கத் தேர்தல்: வகுப்பிலேயே நடத்திக் காட்டலாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்க அதிபர் தேர்தல் என்றதும் '538 தேர்வாளர்கள், 270 கிடைத்தால் வெற்றி' என்று கரும்பலகையில் எழுதிப் போடுகிறோம். (அதிபருக்கு நேரடியாக வாக்களிக்க, மாநிலவாரியாக மக்கள் வாக்கால் தேர்வாகிறவர்களே தேர்வாளர்கள்.) மாணவர்களும் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். 2016-ல் ஹிலாரி கிளின்டன் 28 லட்சத்துக்கும் மேல் அதிக வாக்கு வாங்கியும் ஏன் தோற்றார் என்று கேட்டால் விழிக்கிறார்கள். 45 பேர் உள்ள வகுப்பில் ஒரே பாடவேளையில் இதைப் புரியவைத்துவிடலாம்.

வகுப்பை ஐந்து 'மாநிலங்களாக'ப் பிரியுங்கள். பாலக்கோட்டில் 15 பேர், தருமபுரியில் 12, பென்னாகரம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டியில் ஆறாறு பேர். மூன்று பேருக்கு ஒரு தேர்வாளர். அதோடு சின்ன மாநிலமோ பெரிய மாநிலமோ, ஒவ்வொன்றுக்கும் இரண்டு சேருங்கள். அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் எல்லா மாநிலத்துக்கும் இரண்டு இடம்; அந்தக் கணக்குதான் இந்த இரண்டு. அதை விட்டால் பாடமே தப்பாகிவிடும். ஆக 7, 6, 4, 4, 4 என்று மொத்தம் 25. ஜெயிக்க 13 வேண்டும்.

போட்டி களிக்கும் சோற்றுக்கும் இருக்கட்டும். (நம்மூர்ப் பழம்தானே என்று மாம்பழத்தை நிறுத்த வேண்டாம், அது கட்சிச் சின்னம்.) பாலக்கோட்டில் களி 14, சோறு 1. தருமபுரியில் சோறு 7, களி 5. மற்ற மூன்றிலும் சோறு 4, களி 2. தலையெண்ணினால் களிக்கு 25, சோற்றுக்கு 20. ஆனால் ஒரு மாநிலத்தில் முந்தியவருக்கே அங்குள்ள தேர்வாளர் அத்தனை பேரும் என்பதால் சோறு 18, களி 7! பாலக்கோட்டில் ஜெயிக்க 8 வாக்கே போதும். களிக்கு விழுந்த மீதி ஆறும் வேறெங்கும் உதவவில்லை. மெயின், நெப்ராஸ்கா மாநிலங்கள் மட்டும் தொகுதிவாரியாகவும் பிரித்துக் கொடுக்கின்றன.

மறுநாள் நிஜமாகவே வாக்கெடுப்பு நடத்துங்கள். முந்தைய நாள் மாலைக்குள் நோட்டில் தானாக வந்து பெயர் எழுதியவருக்கு மட்டுமே வாக்கு; யாரையும் நினைவுபடுத்தக் கூடாது. இங்கே வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீடு தேடி வருகிறார். அங்கே பல மாநிலங்களில் குடிமகனே போய்ப் பதிய வேண்டும், வீடு மாறினால் திருத்த வேண்டும். வடக்கு டகோட்டாவில் மட்டும் பதிவே கிடையாது. வகுப்பில் சிலர் விடுபடுவார்கள். ஏன் விடுபட்டோம் என்று அவர்களையே பேசவிடுங்கள்.

வாக்குச்சீட்டில் ஒரே கேள்வியோடு நிறுத்திவிடுவது பெரிய பிழை. அங்கே பல இடங்களில் ஒரே சீட்டில் அதிபரிலிருந்து உள்ளூர் பள்ளி வாரியம் வரை இருக்கும். சில மாநிலங்களில் மக்களே கையெழுத்து திரட்டிக் கொண்டுவந்த சட்ட முன்மொழிவும் இருக்கும். எனவே வகுப்புச் சீட்டில் களி, சோற்றுக்குக் கீழே, பத்து மாணவர்கள் கையெழுத்திட்டுக் கேட்ட ஒரு கோரிக்கைக்கும் 'ஆம்', 'இல்லை' கட்டம் போடுங்கள்.

– சமூக அறிவியல் ஆசிரியர்கள் சிலர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.