வாசல் தொட்டிச் செடிகள்: நான்காம், ஐந்தாம் வகுப்புப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம்.

ஆடி பிறந்துவிட்டது. வரும் வெள்ளிக்கிழமை உங்கள் பிள்ளை வீடு திரும்பும்போது, ஈரத்துணியில் சுற்றிய கற்பூரவள்ளிக் குச்சி ஒன்றும், பொட்டலத்தில் பத்து செண்டுமல்லி விதைகளும் கொண்டுவருவார். திண்ணையிலோ வாசற்படி ஓரத்திலோ இரண்டு தொட்டிக்கு இடம் கொடுங்கள். வளர்க்க வேண்டியது பிள்ளைதான். நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும்.

தொட்டியைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம். 10 லிட்டர் பெயிண்ட் வாளி செண்டுமல்லிக்குச் சரியாக இருக்கும். பாதியாக வெட்டிய 5 லிட்டர் எண்ணெய் கேன் கற்பூரவள்ளிக்குப் போதும். சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு அடியில் ஐந்து துளை போடுங்கள். அடித்துளை மண்ணால் அடைத்துக்கொள்ளும் என்பதால், பக்கவாட்டில் ஒரு விரல் உயரத்தில் இன்னும் இரண்டு வேண்டும். சூடான கம்பியால் துளை போடுவது பெரியவர்கள் வேலை. பிள்ளை கையில் கொடுக்காதீர்கள். துளைகளின் மேல் உடைந்த ஓட்டுச் சில்லுகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு மண் போடலாம்.

வாளிக்கான மண் கலவையை ஒரு லிட்டர் குவளையால் அளந்துகொள்ளுங்கள்: செம்மண் 4, தேங்காய்நார்த் தூள் 2, மண்புழு உரம் அல்லது நன்றாக மக்கிய தொழு உரம் 2, அதோடு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. நார்த்தூளில் உப்பு இருக்கும். ஊறவைத்து இரண்டு தடவை அலசிப் பிழிந்த பிறகே சேருங்கள், இல்லாவிட்டால் இலை நுனி கருகும். பச்சைச் சாணி வேண்டவே வேண்டாம்; அது தொட்டிக்குள் மக்கும்போது சூடேறி வேரைச் சுட்டுவிடும், வேர்ப்புழுவும் கூடவே வரும். கட்டட வேலை நடந்த இடத்து மண்ணில் சிமெண்டும் சுண்ணாம்பும் கலந்திருக்கும், அதையும் எடுக்காதீர்கள். விளிம்பிலிருந்து இரண்டு விரல் இடம் விட்டு நிரப்பினால் தண்ணீர் ஊற்றும்போது மண் வழியாது.

செண்டுமல்லி விதையைப் பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள். ஒரு பாதி கறுப்பு ஊசி, மறுபாதி வைக்கோல் நிறத் தூரிகை. அதைப் படுக்கவைத்து, கால் அங்குல மண்ணைத் தூவி, கையால் தண்ணீர் தெளித்தால் ஒரு வாரத்துக்குள் முளைக்கும். நான்கு இலை வந்ததும் வாளிக்கு ஒரு நாற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். இரக்கப்பட்டு எல்லாவற்றையும் ஒரே வாளியில் விட்டால் எல்லாமே குச்சியாக நீளும், பூ வராது. நாற்று நட்டு ஒரு மாதம் ஆனதும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். பிள்ளைக்கு மனசு வராதுதான். ஆனால் கிள்ளிய பிறகு ஒவ்வொரு இலைக்கணுவிலிருந்தும் பக்கக்கிளை வரும். முதல் பூ சில நாள் தாமதமானாலும் மொத்தப் பூ கூடும்.

கற்பூரவள்ளிக் குச்சியின் கீழ் இலைகளை எடுத்துவிட்டு, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நட்டு, பத்து நாள் நிழலில் வைத்தால் போதும்.

இனிச் சொல்லப்போவதுதான் இந்தக் கடிதத்தின் முக்கியமான விஷயம். தொட்டிச் செடிகள் பெரும்பாலும் தண்ணீர் இல்லாமல் சாவதில்லை, தண்ணீர் அதிகமாகித்தான் சாகின்றன. வேருக்குக் காற்று வேண்டும். மண்ணின் இடுக்கெல்லாம் தண்ணீர் நின்றால் வேர் மூச்சுத் திணறி அழுகும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது, அதனால் இலை வாடும். வாடுவதைப் பார்த்ததும் நாம் இன்னொரு சொம்பு ஊற்றுவோம். செடியின் கதை அதோடு முடிந்துவிடும். கற்பூரவள்ளியின் அடித்தண்டு பழுப்பாகிக் கொழகொழவென்று ஆனால் இதுதான் நடந்திருக்கிறது. மேலே பச்சையாக இருக்கும் கிளையை ஒடித்துப் புது மண்ணில் நட்டுவிடுங்கள்.

ஆகவே தினமும் காலையில் பிள்ளை ஆள்காட்டி விரலை ஒரு கணு ஆழம் மண்ணுக்குள் விட்டுப் பார்க்கட்டும். ஈரம் ஒட்டினால் அன்று தண்ணீர் கிடையாது. காய்ந்திருந்தால் அடித்துளை வழியாக ஒழுகும் வரை ஊற்றலாம். மேல்மண் மட்டும் நனையும்படி தெளித்தால் வேரும் மேலேயே தங்கிவிடும்.

செண்டுமல்லிக்கு ஐந்து மணி நேர நேர்வெயில் வேண்டும். வடக்குப் பார்த்த வாசல்காரர்கள் கவனிக்க: ஆடியில் உங்கள் வாசலில் விழும் வெயில் ஐப்பசியில் அங்கே இருக்காது, சூரியன் தெற்கே போய்விடும். செடி மொட்டு விடும் நேரத்தில் வாளியை மாடிக்கோ தெற்குப் பக்கத்துக்கோ மாற்றிக்கொள்ளுங்கள். கற்பூரவள்ளிக்கு அரைநிழலே போதும். கடையில் வாங்கிய புதினாவின் தண்டுகளைத் தண்ணீரில் வேர்விட வைத்து நட்டால் அதுவும் அந்த நிழலில் நன்றாகவே படரும்.

எறும்பு வரிசையாகச் செடியில் ஏறினால் இலையின் அடியில் மாவுப்பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு தெளிக்கலாம்.

தொட்டிக்கு அடியில் தட்டு வைத்தால் தேங்கும் தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை கொட்டித் தட்டைத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு பரப்பும் கொசு இப்படிப்பட்ட சுத்தமான தண்ணீரில்தான் முட்டையிடும். மழைக்காலத்தில் தட்டையே எடுத்துவிடுவது நல்லது. மாடிக் கைப்பிடிச் சுவரின் மேல் தொட்டி வைக்காதீர்கள். நனைந்த வாளி 10 கிலோவுக்கு மேல் கனக்கும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அரளியைத் தொட்டியில் வளர்க்க வேண்டாம், அதன் எல்லாப் பாகமும் விஷம்.

வெள்ளிதோறும் பிள்ளை செடியின் உயரத்தைச் சென்டிமீட்டரில் அளந்து, இலைகளை எண்ணி, அறிவியல் நோட்டில் எழுதட்டும். செடி பட்டுப்போனால் திட்டாதீர்கள். என்றைக்கு வாடியது, அதற்கு முன் எத்தனை நாள் தண்ணீர் ஊற்றினோம் என்று எழுதிக் கொண்டுவந்தால், பள்ளித் தொட்டியிலிருந்து வேறு குச்சி ஒடித்துத் தருவோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்