ஆறு, நாலு, மூன்று: அப்பாவுக்கு ஒரு கடிதம்

ஸ்காபரோ, ரொறன்ரோ
ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். நீங்கள் எல்லோரும் சுகமாய் இருக்க நல்லூர்க் கந்தன் துணை.

உங்கள் கடிதம் வந்து மூன்று கிழமை. தங்கச்சியின் எழுத்து வடிவாக இருந்தது. மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு இன்றைக்குத்தான் பேனை எடுக்கிறேன். அதற்கு முதல் நாலு மாதம் ஒரு வரி எழுதாமல் இருந்தது என் பிழை. அம்மாவோடு போனில் கதைக்கிறேன்தானே என்று இருந்துவிட்டேன். உங்களுக்குப் போனில் ஒன்றும் காதில் பிடிபடாது என்று தெரிந்தும் அப்படி இருந்திருக்கக் கூடாது.

வேலை இருக்கிறது. இப்போது கிழமைக்கு நாலு நாள்தான். உடம்புக்கு ஓய்வு கிடைக்கிறது, நல்லதுதான். சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை. புட்டும் சம்பலும் நானே செய்கிறேன் என்று அம்மாவுக்குச் சொல்லுங்கோ. வைகாசி பிறந்தும் காலமைக் குளிர் விடவில்லை, இன்றைக்கும் ஜக்கெற் போட்டுத்தான் வெளிக்கிட்டேன்.

இன்றைக்கு முழு நாளும் சப்பாத்து ஐயாவோடு பேஸ்போல் பார்க்கப் போயிருந்தேன். நான் வந்த முதல் மாரியில் எனக்குப் பனிச் சப்பாத்து வாங்கித் தந்தாரே, நீங்கள் வீட்டில் அந்தப் பேர் வைத்தவரேதான். வேலையில் பக்கத்து மெசினில் இன்னும் நிற்கிறார். இரண்டு ரிக்கற் எடுத்து வைத்துவிட்டு வா என்றார். பஸ்ஸில் கெனடி ஸ்ரேஷன், பிறகு சுரங்க ரயிலில் யூனியன். அங்கிருந்து நடந்தால் 553 மீற்றர் உயரமான சி.என். கோபுரம், அதன் காலடியில் மைதானம். இங்குள்ள அணிக்கு புளூ ஜேஸ் என்று பெயர். ஆட்டம் 1.37க்கு. ஐயா என்னைப் பத்து மணிக்கே வரச் சொல்லிவிட்டார். வாசல் திறக்கும்போது முன்னால் நிற்கவேண்டுமாம். மத்திய கல்லூரிக்கும் சென். ஜோன்ஸுக்கும் நடக்கிற 'வடக்கின் போர்' அன்று நீங்கள் என்னை வெள்ளன எழுப்பிக் கூட்டிப் போவது நினைவுக்கு வந்தது.

சாப்பாடு உள்ளே கொண்டுபோகலாம். நான் எங்கள் ஆட்களின் கடையில் ஆறு மட்டன் ரோல்ஸ் கட்டிக்கொண்டு போனேன். ஐயாவுக்கு அதில் ஆசை. உறைப்பில் கண்ணீர் வடிய வடிய மூன்று சாப்பிட்டார்.

எங்கள் இடம் ஐந்நூறாம் தட்டு, ஆக மேலே. மைதானத்துக்குக் கூரை இருக்கிறது அப்பா, 1989இல் கட்டியது, திறந்து மூடலாம். மழை வரும்போல் இருந்ததால் மூடியிருந்தார்கள். மூன்றாவது இன்னிங்ஸில் வெளித்தது. தேர்முட்டியிலிருந்து தேர் வெளிக்கிடும்போது முதலில் அசைகிறதா இல்லையா என்று தெரியாது பாருங்கோ, அப்படித்தான் அந்தக் கூரையும் நகர்ந்தது. இருபது நிமிடத்தில் தலைக்கு மேல் வானம். பக்கத்தில் ஒரு குழந்தை கையைத் தட்டியது. எனக்கும் தட்டவேண்டும் போல் இருந்தது.

ஆட்டத்தைவிட ஸ்கோர்க் கணக்கைப் பற்றித்தான் உங்களுக்கு எழுத ஆசை. ஐயா ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கொப்பியும் பென்சிலும் கொண்டு வருவார். 1977 ஏப்ரல் 7ஆம் திகதி, புளூ ஜேஸின் முதலாவது ஆட்டம், நிலமெல்லாம் பனி, அதிலும் போய்க் குந்தியிருந்து கணக்கு எழுதியவராம். 1993இல் ஜோ கார்ட்டர் கடைசி அடியாக ஹோம் ரன், எங்கள் சிக்ஸர் மாதிரி, அடித்துக் கிண்ணம் எடுத்துக் கொடுத்த இரவு மாத்திரம் பென்சில் கையிலிருந்து விழுந்துவிட்டதாம். கொப்பியில் அந்த அடிக்குரிய பெட்டியை மறுநாள்தான் நிரப்பினாராம்.

ஒரு பக்கத்தில் ஒன்பது ஆட்டக்காரர், குறுக்கே ஒன்பது இன்னிங்ஸ். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு சாய்சதுரம். பேஸ் என்றால் ஓடுபவர் தொடவேண்டிய இடம், களத்தில் நாலு மூலையிலும் ஒவ்வொன்று. முதலாம் பேஸை அடைந்தால் ஒரு பக்கக் கோடு, இரண்டாவதுக்கு அடுத்த கோடு, நாலும் சுற்றி வந்தால் ஓட்டம், உள்ளே தீட்டவேண்டும். களத்தில் நிற்பவர்களுக்குப் பெயர் எழுதுவதில்லை, இலக்கம்தான். பந்து எறிபவர் 1, அவருக்கு எதிரே குந்தியிருந்து பிடிப்பவர் 2, முதலாம் பேஸில் நிற்பவர் 3. '6-4-3' என்று எழுதினால், ஆறாம் ஆள் எடுத்து நாலாம் ஆளுக்கு எறிந்து, அவர் மூன்றாம் ஆளுக்கு எறிந்து, ஒரே பந்தில் இரண்டு பேர் ஆட்டமிழந்தார்கள் என்று அர்த்தம். மூன்று இலக்கத்தில் ஒரு கதையே இருக்கிறது. இங்கே அந்த மூன்றாம் ஆள் கெரேரோ. தகப்பனும் பெரிய ஆட்டக்காரர். தகப்பன் மொன்றியலில் விளையாடின காலத்தில் அங்கே பிறந்த பிள்ளை.

இன்னொன்று. களத்தில் ஒருவன் பந்தைத் தவறவிட்டால் பெரிய பலகையில் ஓட்டத்துக்குப் பக்கத்தில் பிழை என்று அதையும் எண்ணிப் போடுகிறார்கள். கிரிக்கெட் புத்தகத்தில் பிடி விட்டவன் தப்பிவிடுவான். நீங்கள் ஆட்டக் கணக்கு எழுதுகிற சி.ஆர். கொப்பியில் மட்டும் ஓரத்தில் சின்னப் புள்ளி வைத்து அந்தப் பெடியனின் பேரை எழுதுவீர்கள். இதுவும் கணக்குத்தான் என்று சொல்லுவீர்கள். ஐயாவுக்கு அதைச் சொன்னேன். உன் அப்பாவோடு எனக்கு ஒரு நாள் இருந்து பார்க்கவேண்டும் என்றார்.

நாலாவது இன்னிங்ஸில் கொப்பியை என் மடியில் வைத்தார். முன்பென்றால் ஆறுதலாக எழுதலாம். 2023இலிருந்து பந்து எறிபவருக்கு மணிக்கூடு வைத்துவிட்டார்கள், பேஸில் ஆள் இல்லாவிட்டால் 15 விநாடிக்குள் எறியவேண்டும். ஐயாவின் கை நடுங்குகிறது. பெட்டிக்குள் கோடு நிற்குதில்லை, அடுத்த பந்து வந்துவிடுகிறது. "நான் சொல்கிறேன், நீ எழுது" என்றார். அதற்குப் பிறகு முழுவதும் அவர் சொன்னார், நான் எழுதினேன்.

எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் அப்பா, எனக்கு உங்கள் கடிதம் நெஞ்சை அடைத்தது. முழுக்கத் தங்கச்சியின் எழுத்து. அடியில் உங்கள் கையெழுத்து மட்டும், அதுவும் கடைசி எழுத்து கோட்டை விட்டுக் கீழே இறங்கியிருந்தது. நீங்கள் ஒரு நாளும் மற்றவரைக் கொண்டு கடிதம் எழுதுவித்தவர் இல்லை. மூன்று கிழமையாக நான் பதில் எழுதாதது அதனால்தான். கேட்டால் என்ன வருமோ என்று பயம். கண்ணா, கையா? அம்மாவைக் கேட்டால் ஒன்றுமில்லை, அப்பாவுக்குப் பஞ்சி என்கிறா. பஞ்சி என்ற சொல்லுக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம்? இரவில் அறைக்கு வந்து வெளிச்சத்தைப் போட்டால் அந்தக் கையெழுத்துத்தான் முதலில் கண்ணில் படுகிறது. இங்கே அதைச் சொல்ல எனக்கு ஒருவரும் இல்லை. இன்றைக்கு ஐயாவுக்கும் சொல்லவில்லை.

ஒன்பது இன்னிங்ஸ் முடியச் சமநிலை. இந்த விளையாட்டில் வெற்றி தோல்வி இல்லாமல் வீட்டுக்கு விடமாட்டார்கள். பத்தாவதிலிருந்து ஒவ்வொரு அணிக்கும் மட்டை பிடிக்காமலே ஒருவரை இரண்டாம் பேஸில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள், 2020இலிருந்து இந்த விதி. ஐயாவுக்கு அது பிடிக்காது, உழைக்காத சம்பளம் என்பார். அப்படி நிறுத்திய ஆள்தான் ஓடிவந்து எங்களை வெல்ல வைத்தார். சனம் எழும்பிக் கத்தியது. நான் குனிந்து தீட்டிக்கொண்டிருந்தேன்.

இனி வீட்டு விஷயம். புதன்கிழமை குஞ்சியம்மாவின் மகனைக் கூட்டிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போங்கோ. கண்ணையும் கையையும் இரண்டையும் காட்டுங்கோ. ஓட்டோவில் போங்கோ, பஸ்ஸில் வேண்டாம். தங்கச்சியின் சம்பந்தம் நல்ல இடம்போல் தெரிகிறது. அவளின் விருப்பத்தை முதலில் கேளுங்கோ. மாப்பிள்ளை வீட்டாருக்கு ஆவணியில் முடிவு சொல்கிறோம் என்று சொல்லுங்கோ. காசு பிரச்சினை ஒன்றும் இல்லை, இங்கே வங்கி அலுவல் கொஞ்சம் சுணங்குகிறது, அவ்வளவுதான். பின்வளவுப் பனங்காணியை மட்டும் விற்கப் போகவேண்டாம். மாமா என்ன சொன்னாலும் கையெழுத்து வைக்காதேங்கோ. கிணற்று மோட்டரைத் தம்பி திருத்தினானா?

இதோடு இன்றைய கணக்குத் தாளின் பிரதி வைத்திருக்கிறேன். சரிபார்க்கும் முறை இது: ஒரு அணியில் மட்டை பிடிக்க வந்த தடவைகளைக் கூட்டினால், ஓட்டம், ஆட்டமிழந்தவர்கள், பேஸில் நின்றுபோனவர்கள் மூன்றையும் கூட்டியதற்குச் சமனாக வரவேண்டும். இன்றைக்கு இரண்டு அணிக்கும் ஒவ்வொன்று உதைக்கிறது. ஏன் என்று எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன். நீங்கள் பார்த்துக் கண்டுபிடித்து எழுதுங்கோ. எழுத்து கோணினாலும் பரவாயில்லை, தங்கச்சியிடம் கொடுக்கவேண்டாம்.

உங்கள் அன்பு மகன்